சாரணப் பிள்ளையின் முதல் பெரிய மலையேற்றம்: கடைசி வாரத்தில் ஓடாமல் இருக்க

ஒரு நாள் நடையும் ஓரிரவு முகாமும் பழகிய பிள்ளைக்குக்கூட, ஐந்தாறு நாள் பையைச் சுமந்துகொண்டு மலையில் நடப்பது புது அனுபவம்தான். ஒரு நாள் நடையில் ஷூ கடித்தால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து கழற்றிப் போட்டுவிடலாம். பக்கத்துச் சாலைக்கே ஒன்றரை நாள் நடக்க வேண்டிய இடத்தில் கடித்தால், மொத்தக் குழுவும் நின்றுபோகும்.

என் மகளின் முதல் பயணத்துக்காக இதையெல்லாம் ஒவ்வொருவரிடமாக விசாரித்து, அலைந்துதான் தெரிந்துகொண்டோம். யாராவது வரிசையாக எழுதி வைத்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். 11 முதல் 15 வயதுப் பிள்ளைகளின் பெற்றோரை மனதில் வைத்து எழுதுகிறேன். 7, 8-ஆம் படிகளைப் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே உள்ளவற்றில் காகிதமும் பணமும்தான் உங்கள் வேலை. மீதியெல்லாம் பிள்ளையின் கையால் நடக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். நீங்கள் அழகாக அடுக்கிக் கொடுத்த பையில் தலையில் மாட்டும் விளக்கான ஹெட்லாம்ப் எந்த மூலையில் இருக்கிறது என்று மழை கொட்டும் இருட்டில் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

நான்கு மாதம் முன்பே தொடங்குங்கள். மூன்று மாதம் இருந்தாலும் சமாளிக்கலாம். ஆறு வாரம் என்றால் காகித வேலை முடிந்துவிடும், ஆனால் ஷூவும் உடம்பும் பழக நேரம் பத்தாது.

1. கையெழுத்துப் போடும் முன் பயணத் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள்

தேதியும் கட்டணமும் மட்டும் அச்சிட்ட அறிவிப்பு போதாது. நாள்வாரியாக எழுதிய திட்டம் வேண்டும்: ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மீட்டர் ஏற்றம், இரவு தங்கும் இடத்தின் உயரம், தண்ணீர் எங்கே, நடுவில் யாருக்காவது முடியவில்லை என்றால் எந்த வழியாகக் கீழே இறக்குவார்கள். கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

தூரத்தை மட்டும் பார்த்து "12 கிலோமீட்டர்தானே" என்று நினைத்துவிடாதீர்கள். மலையில் நேரம் கணக்கிட நெய்ஸ்மித் விதி என்று ஒன்று உண்டு. 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 12 கிலோமீட்டரும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்துக்கு 2 மணி 24 நிமிடம், ஏற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம், ஆக ஏறக்குறைய 4 மணி நேரம். இது நன்றாக நடக்கக்கூடிய பெரியவர்களுக்கான கணக்கு, ஓய்வும் சேராதது. சுமை தூக்கிய பிள்ளைகளுக்கு இன்னொரு பாதியைக் கூட்டி 6 மணி நேரம் என்று வையுங்கள். சாப்பாடு, இளைப்பாறல், தண்ணீர் பிடிப்பது எல்லாம் சேர்ந்தால் 8 மணி நேரம் ஓடிவிடும். திட்டத்தில் எல்லா நாளும் இப்படியே இருந்தால், முதல் தடவை வரும் பிள்ளைகளுக்கு இது அதிகம் என்று வாய்விட்டுச் சொல்லலாம், தப்பில்லை. முதல் நாள் குறைவாகவும் நடுவில் ஒரு நாள் இலகுவாகவும் இருப்பதுதான் நல்ல திட்டம்.

அப்புறம் பெரியவர்களைப் பற்றிக் கேளுங்கள். குறைந்தது இரண்டு பெரியவர்களாவது உடன் போகிறார்களா? முதலுதவிப் பயிற்சி யாருக்கு இருக்கிறது? அதே பாதையில் முன்பு போனவர் யாராவது வருகிறாரா? பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒருவரும் தனியாக இருக்கும் நிலை வராமலும், ஒரே டென்டில் படுக்காமலும் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள்? கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டாம். உலகச் சாரணர் இயக்க அமைப்புக்கே 'சேஃப் ஃப்ரம் ஹார்ம்' என்ற பாதுகாப்புக் கொள்கை இருக்கிறது. இதைக் கேட்டதும் முகம் சுளிக்கும் தலைவரைவிட, கேட்கும் முன்பே விளக்கும் தலைவரோடு பிள்ளையை நிம்மதியாக அனுப்பலாம்.

2. காகிதங்கள்

வேலை அதிகம் இங்கேதான். குழுவுக்குக் குழு படிவத்தின் பெயர் மாறும், ஆனால் பொதுவாகக் கேட்கப்படுபவை இவை.

*பெற்றோர் ஒப்புதல் கடிதம்.* பயணத்தின் தேதியும் இடமும் குறிப்பிட்டு இருக்க வேண்டும். பொதுவாக எழுதிய பழைய ஒப்புதலை வைத்துச் சமாளிக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். எல்லை கடந்து வேறு நாட்டுக்குப் போவதாக இருந்தால் தாய், தந்தை இருவர் கையெழுத்தும், பல இடங்களில் நோட்டரி முத்திரையும் கேட்பார்கள். பெற்றோரில் ஒருவர் வெளியூரில் இருந்தால் இதற்கே இரண்டு வாரம் போய்விடும்.

*மருத்துவப் படிவம்.* பெரும்பாலும் இரண்டு பகுதி: நீங்கள் நிரப்புவது ஒன்று, மருத்துவர் பரிசோதித்துக் கையெழுத்திடுவது இன்னொன்று. எத்தனை நாள் முன்பு பரிசோதித்தது செல்லும் என்பதைப் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்த பிறகே நேரம் வாங்குங்கள். ரொம்ப முன்கூட்டிப் போனால் காலாவதியாகிவிடும், கடைசி வாரம் போனால் மருத்துவர் ஏதாவது சோதனை எழுதிக் கொடுத்தால் முடிவு வர நேரமிருக்காது. எட்டு வாரம் முன்பு போவது தோதாக இருக்கும். எங்களுக்கு ஓரிடத்தில் முத்திரையெல்லாம் பளிச்சென்று வைத்துவிட்டுத் தேதி போடாமல் கொடுத்தார்கள், அதற்காக இன்னொரு முறை வரிசையில் நின்றோம். படிவத்தை வாங்கியதும் அங்கேயே ஒரு தடவை முழுக்கப் பாருங்கள்.

போகிற போக்கில் இரண்டு வேலையையும் முடித்துக்கொள்ளுங்கள். ஒன்று, டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்று பார்ப்பது. மற்றொன்று, பல் பரிசோதனை. ஆடுகிற பல்லோ சொத்தையோ இருந்தால் மருத்துவர் கிடைக்கும் ஊரிலேயே தீர்த்துவிட்டுப் போவது நல்லது.

படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள். ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை, தூக்கத்தில் நடப்பது, படுக்கையில் சிறுநீர் கழிப்பது எதுவாக இருந்தாலும் தலைவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். கடைசியாகச் சொன்னதை எழுதக் கூச்சமாக இருந்தால் நேரில் தனியாகச் சொல்லுங்கள். இந்த வயதில் அது அரிதான விஷயம் இல்லை, மருத்துவரிடமும் முன்பே பேசலாம். சொல்லாமல் அனுப்பினால் பிள்ளை பயந்துபோய் ராத்திரி தண்ணீரே குடிக்காமல் இருக்கும், அது இன்னும் மோசம்.

*சிகிச்சைக்கான அனுமதி.* உங்களைத் தொடர்புகொள்ள முடியாத நேரத்தில் அவசரச் சிகிச்சைக்குத் தலைவர் சம்மதம் தரலாம் என்று எழுதிக் கொடுப்பது. இது ஒப்புதல் கடிதத்தில் அடங்கியிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள், பல நேரம் தனித் தாள்.

*காப்பீடு.* பாலிசியில் நான்கு விஷயம் தேடுங்கள்: மலையேற்றம் சேர்த்திருக்கிறதா, எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், மீட்புச் செலவும் ஹெலிகாப்டரும் அடங்குமா, சிறார் பெயர் தனியாக இருக்கிறதா. உயர வரம்பில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பாலிசி 3000 மீட்டர் வரை என்று இருந்து, பாதை 3400-க்கு ஏறினால் அந்தப் பாலிசி அந்த நாளுக்கு உதவாது.

*நுழைவு அனுமதி.* காப்புக்காடு, தேசியப் பூங்கா போன்ற இடங்களில் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வைப்பதுண்டு. குழுதான் வாங்கும். ஆனாலும் வாங்கியாகிவிட்டதா, "விண்ணப்பித்திருக்கிறோம்" நிலையில் இருக்கிறதா என்று கேளுங்கள். பிள்ளையின் பெயர் அனுமதிச் சீட்டு, அடையாள அட்டை, காப்பீடு மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் மூன்று நகல் எடுங்கள். ஒன்று தலைவரிடம், ஒன்று ஜிப் கவரில் போட்டுப் பிள்ளையின் பையில், ஒன்று வீட்டில்.

3. பணம்

கட்டணத் தொகையைக் கேட்டதும் அடுத்து கேட்க வேண்டியது, அதில் என்ன சேரவில்லை என்பதை. மலையடிவாரம் வரை போக்குவரத்து, போகும் வழிச் சாப்பாடு, அனுமதிச் சீட்டு, காப்பீடு, வழிகாட்டிக்கு உரியது, இவற்றில் ஒன்றிரண்டு எப்போதும் வெளியேதான் இருக்கும். எந்தத் தேதிக்குப் பிறகு விலகினால் பணம் திரும்பாது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தேதிக்கு முன்பே மருத்துவப் பரிசோதனை முடிந்துவிட்டால் நல்லது.

சாமான் வாங்கும்போது கை நீளாமல் இருக்க ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளலாம். புதிதாக வாங்க வேண்டியவை ஷூவும் சாக்ஸும். மழைச் சட்டை நல்லதாக இருக்கட்டும், உள்ளே கம்பளி உடுப்பு போட இடம் வேண்டும் என்பதால் ஓர் அளவு பெரிதாக வாங்கலாம், அடுத்த ஆண்டுக்கும் ஆகும். ஸ்லீப்பிங் பேக், பெரிய பை, கைத்தடிகள் ஆகியவற்றைக் குழுவிடமோ முன்பு போய்வந்த பிள்ளைகளிடமோ இரவல் கேளுங்கள். வளரும் பிள்ளைக்கு ஓராண்டில் பையின் முதுகு அளவே மாறிவிடும். படுக்க மலிவான ஃபோம் பாய் போதும், காற்றடைக்கும் பாய் சொகுசுதான், ஆனால் ஓட்டை விழும். கத்தி, திசைகாட்டி பதித்த கைக்கடிகாரம், மடக்கு நாற்காலி என்று கடையில் கண்ணைப் பறிக்கும் எதையும் வாங்க வேண்டாம்.

விமானப் பயணம் இருந்தால் அடுப்புக்கான கேஸ் சிலிண்டரை எந்தப் பையிலும் கொண்டுபோக விடமாட்டார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில்தான் வாங்க வேண்டும், அந்தச் செலவு யாருடையது என்று முன்பே பேசிவிடுங்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே போகலாம். கத்தி கைப்பையில் போகவே கூடாது.

4. ஷூ: மூன்று மாதம் முன்பு

சாயங்காலம் கடைக்குப் போங்கள். நாள் முழுக்க நடந்த பிறகு கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் இருக்கும். மலையில் போடப்போகும் அதே தடித்த சாக்ஸைப் போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். நின்ற நிலையில் விரல் நுனிக்கும் ஷூ முனைக்கும் நடுவில் ஒரு கட்டைவிரல் அகலம் இருக்கட்டும். கடையில் சாய்வுப் பலகை இருந்தால் இறங்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் படிக்கட்டு போதும். இறங்கும்போது விரல்கள் முன்னால் போய் இடித்தால் அந்த ஷூ வேண்டாம். ஏறும்போது குதிகால் எழும்பி உரசினாலும் வேண்டாம். "வளருமே" என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவதுதான் கொப்புளத்துக்கு நேர் வழி.

வாங்கியதிலிருந்து பள்ளி விட்டு வந்து கடைக்குப் போவது, நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பது எல்லாம் அந்த ஷூவோடுதான். நகத்தைப் பயணத்துக்கு மூன்று நான்கு நாள் முன்பு நேராக வெட்டச் சொல்லுங்கள். முந்தின இரவு ஒட்ட வெட்டினால் இறக்கத்தில் விரல் நோகும்.

5. பையின் எடை

பிள்ளையின் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, இதை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல உடற்கட்டுள்ள, பழகிய பிள்ளைகள் நாலில் ஒரு பங்கு வரை தூக்குவார்கள். முதல் பயணத்தில் அந்த எல்லைக்குப் போகத் தேவையில்லை.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் எவ்வளவு குறைவு என்று புரியும். 45 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 9 கிலோ. அதில் 2 லிட்டர் தண்ணீர் 2 கிலோ. ஒரு நாளைக்கு 700 கிராம் உலர் உணவு என்று நான்கு நாளைக்கு 2.8 கிலோ. மீதி 4.2 கிலோ. காலிப் பை மட்டுமே ஒன்றரை கிலோ இருக்கும். ஸ்லீப்பிங் பேக்கும் பாயும் சேர்ந்து 1.6 கிலோ என்றால், துணி, மழைச் சட்டை, தட்டு, விளக்கு, மருந்து எல்லாவற்றுக்கும் சேர்த்து மிஞ்சுவது ஒரு கிலோவுக்குச் சற்று மேல். டென்டும் அடுப்பும் பாத்திரமும் எங்கே? அதனால்தான் குழுச் சாமானை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். ஆளுக்குச் சமமாகப் பிரிப்பது பார்க்க நியாயமாக இருக்கும், ஆனால் 38 கிலோ பிள்ளைக்கும் 60 கிலோ பிள்ளைக்கும் ஒரே சுமை கொடுப்பதில் நியாயம் கிடையாது. எடைக்குத் தக்கபடி பிரிக்கச் சொல்லுங்கள். நடுவழியில் உணவு எடுத்துக்கொள்ளும் இடம் இருந்தால் சுமை இன்னும் குறையும்.

ஒரு பழைய போர்வையைத் தரையில் விரித்து எல்லாச் சாமானையும் அதன்மேல் பரப்பச் சொல்லுங்கள். சமையலறைத் தராசு ஒன்று, தாள் ஒன்று. ஒவ்வொன்றையும் எடை போட்டுப் பிள்ளையே எழுதட்டும். எதை விடுவது என்று நீங்கள் சொல்லவே வேண்டியிருக்காது. ஷாம்பு பாட்டில் 400 கிராம் என்று கண்ணால் பார்த்ததும் அதுவே ஓரமாகப் போய்விடும். அதே சமயம் நம் கையும் சும்மா இருக்காது. இன்னொரு ஸ்வெட்டர், இன்னொரு டப்பா பிஸ்கட், எதற்கும் இருக்கட்டுமே என்று இன்னொரு துண்டு. பையில் கூடுதலாக ஏறுவதில் பெரும்பகுதி பெற்றோரின் பயம்தான். அதை இறக்கி வைத்துவிட்டு அனுப்புங்கள்.

அடுக்கும் முறை: அடியில் ஸ்லீப்பிங் பேக். நடுவில் முதுகை ஒட்டினாற்போல் கனமானவை, அதாவது சாப்பாடும் தண்ணீரும். மேலே மழைச் சட்டை. இடுப்புப் பட்டையின் சிறு பையில் விசில், கொறிக்க ஏதாவது, கொப்புள டேப். பைக்கு வெளியே மழை உறை போடுவதைவிட, உள்ளே ஒரு தடித்த பெரிய பாலிதீன் பையை விரித்து அதற்குள் எல்லாவற்றையும் வைப்பது நம்பகமானது. வெளி உறை காற்றில் பறக்கும், முதுகுப் பக்கம் தண்ணீர் இறங்கும். இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும், வயிற்றில் அல்ல. சுமையின் பெரும்பகுதியை இடுப்புதான் தாங்க வேண்டும், தோளில் சிவந்த கோடு விழுந்தால் பட்டை சரியில்லை என்று பொருள்.

அடுக்கி முடித்ததும் எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டு நடந்தது. அறை விளக்கை அணைத்துவிட்டு "ஹெட்லாம்ப்!", "மழைச் சட்டை!", "விசில்!" என்று கேட்பேன், மகள் பையைத் துழாவி எடுக்க வேண்டும். முதலில் மொத்தப் பையும் கட்டிலில் கொட்டியது. அப்புறம் அவளே இடம் மாற்றி மாற்றி வைத்து, கேட்டது கேட்டவுடன் கைக்கு வர ஆரம்பித்தது.

6. துணியும் தூக்கமும்

1000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். அடிவாரத்தில் இரவு 22 டிகிரி என்றால், 2500 மீட்டர் மேலே போனதும் 7 டிகிரிக்கு வந்துவிடும், காற்றடித்தால் இன்னும் குளிரும்.

பருத்தி வேண்டாம், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சும். சீக்கிரம் காயும் பாலியெஸ்டர் அல்லது மெல்லிய கம்பளி, அதன்மேல் கதகதப்பான ஓர் அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேலே மழையும் காற்றும் புகாத ஓர் அடுக்கு. நடக்க இரண்டு ஜோடி சாக்ஸ், தூங்க மட்டும் ஒரு ஜோடி. தூங்கும் துணியை, என்ன ஆனாலும், நடக்கும்போது போடக் கூடாது. அது மட்டுமாவது காய்ந்திருக்கட்டும்.

ஸ்லீப்பிங் பேக்கில் இரண்டு வெப்பநிலை போட்டிருப்பார்கள். இதமாகத் தூங்கக்கூடிய குளிரைச் சொல்லும் 'கம்ஃபர்ட்' என்பதைப் பாருங்கள், எப்படியோ சமாளிக்கும் எல்லையைச் சொல்லும் 'லிமிட்' என்பதை மறந்துவிடுங்கள். எதிர்பார்க்கும் குளிரைவிட 5 டிகிரி கூடுதலாகத் தாங்கும் பை பிள்ளைகளுக்கு நல்லது.

மாதவிடாய் இன்னும் தொடங்காத பெண் பிள்ளையாக இருந்தாலும் தேவையானதைப் பையில் வைத்து, பயன்படுத்தியதை மூடிக் கீழே கொண்டுவர ஒளி புகாத ஜிப் கவரும் கொடுங்கள். உடன் வரும் பெரியவர்களில் பெண் ஒருவர் இருக்கிறாரா என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

7. பயிற்சி: எட்டு வாரம்

வாரம் இரண்டு மூன்று நாள் நடை, வார இறுதியில் ஒரு நீண்ட நடை. பையில் முதலில் 3 கிலோ, வாரம் ஒரு கிலோ கூட்டிக்கொண்டே போங்கள். தண்ணீர் பாட்டில்தான் நல்ல எடைக்கல், முடியாவிட்டால் கொட்டிவிடலாம். மலை பக்கத்தில் இல்லாதவர்களுக்கு மாடிப்படி போதும். ஏறுவதைவிட இறங்குவதைத்தான் அதிகம் பழக வேண்டும், தொடை வலி இறக்கத்தில்தான் வரும்.

முழுப் பையோடு, முழு உடுப்போடு, ஓரிரவு வெளியே தங்கும் ஒத்திகை ஒன்று கட்டாயம். இது பயணத்துக்கு மூன்று வாரம் முன்பாவது முடிந்துவிட வேண்டும். கடிக்கும் ஷூ, பிடிக்காத உணவு, ஒழுகும் சட்டை எல்லாம் அன்றைக்கே வெளிவரும், மாற்றவும் நேரமிருக்கும். மழை நாளாக அமைந்தால் இன்னும் நல்லது.

8. பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டியவை

இனி பிள்ளையிடமே பேசுகிறேன்.

காலில் எங்கேயாவது சூடாக, உரசுவது போல் தெரிந்தால் அப்போதே நில். "அடுத்த நிறுத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று நடக்காதே. ஷூவைக் கழற்றி, சாக்ஸில் மண் இருந்தால் உதறி, அந்த இடத்தில் டேப் ஒட்டு. உனக்காக எல்லோரும் நிற்கிறார்களே என்று கூச்சப்பட வேண்டாம். இப்போது ஐந்து நிமிடம் நிற்பது, நாளைக்கு உன் பையை மற்றவர்கள் சுமப்பதைவிட அவர்களுக்கும் நல்லது.

நடக்கும்போது மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் குடித்தது போதவில்லை. ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தாலும் அப்படியே குடிக்கக் கூடாது. நன்றாகத் தளதளவென்று கொதித்த பிறகு 1 நிமிடம், 2000 மீட்டருக்கு மேல் என்றால் 3 நிமிடம் கொதிக்க வேண்டும். குளோரின் மாத்திரை என்றால் குறைந்தது அரை மணி நேரம், தண்ணீர் சில்லென்று இருந்தால் இன்னும் கூட. வடிகட்டி கொண்டுபோனால் உறைபனி இரவில் அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள், உள்ளே தண்ணீர் உறைந்தால் வெளியே தெரியாமலே கெட்டுவிடும்.

கழிப்பறை. யாரும் பேசமாட்டார்கள், எல்லோரும் யோசிப்பார்கள். தண்ணீர், பாதை, டென்ட் எல்லாவற்றிலிருந்தும் 60 மீட்டராவது தள்ளிப் போ. உன் நடையில் எண்பது நூறு எட்டு. சிறு மண்வெட்டியால் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி, முடிந்ததும் மண்ணால் மூடு. காகிதம் ஜிப் கவரில் உன்னோடு திரும்பும். கைக்குச் சோப்பும் தண்ணீரும், ஆனால் ஓடையிலேயே கழுவக் கூடாது. போகும்போது ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போ. வெட்கப்பட்டு அடக்கி வைத்தால் மூன்றாம் நாள் வயிற்று வலியோடு நடக்க வேண்டியிருக்கும்.

வழி தவறியது தெரிந்தால் அங்கேயே நில். தேடி அலையாதே, இறங்கிப் பார்க்கலாம் என்றும் நினைக்காதே. குளிருக்கு முன் கதகதப்பான உடுப்பைப் போட்டுக்கொண்டு, மூன்று முறை விசில் ஊது, சற்று நிறுத்து, மறுபடி மூன்று முறை. குரல் சீக்கிரம் கட்டிவிடும், விசில் கட்டாது.

டென்டுக்குள் அடுப்பு பற்றவைக்கக் கூடாது, எவ்வளவு மழையாக இருந்தாலும். தீ மட்டுமல்ல, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. சாப்பாடும் பற்பசையும் இரவில் டென்டுக்குள் இருக்கக் கூடாது, எலியிலிருந்து கரடி வரை மோப்பம் பிடித்து வரும்.

9. உயரம், குளிர், மின்னல்

2500 மீட்டருக்கு மேல் உயர நோய் யாருக்கும் வரலாம், கட்டுமஸ்தான பிள்ளைக்கும் வரும். தலைவலி, குமட்டல், சாப்பாடு பிடிக்காமை, தூக்கமின்மை ஆகியவை ஆரம்ப அறிகுறிகள். பிள்ளைகள் இதைச் சொல்லாமல் மறைப்பார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். "சொன்னால் ஓய்வு கிடைக்கும், சொல்லாவிட்டால்தான் இறங்க வேண்டிவரும்" என்று வீட்டிலேயே பேசி வையுங்கள். அறிகுறி இருக்கும்போது மேலே ஏறக் கூடாது, கூடினால் இறங்க வேண்டும். நேர்கோட்டில் குதிகால் முன் விரலாக நடக்கத் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, ராத்திரி என்று பார்க்காமல் உடனே இறக்க வேண்டும். 3000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மிகாமலும், மூன்று நான்கு நாளுக்கு ஒரு ஓய்வு நாளும் இருப்பது பொதுவான நெறி. பயணத் திட்டத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஈரமும் காற்றும் சேர்ந்தால், உறைபனி இல்லாத நாளில்கூட உடல் வெப்பம் ஆபத்தாகக் குறையும். நடுக்கம், தடுமாற்றம், குழறல், ஜிப் போடத் தெரியாத விரல்கள், இவற்றைப் பார்த்தால் ஈரத்தைக் கழற்றி, உலர்ந்ததை உடுத்தி, இனிப்பாக ஏதாவது கொடுத்து, ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட வேண்டும்.

இடி காதில் கேட்டாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறது. முகட்டை விட்டு இறங்க வேண்டும், ஒற்றை மரத்தடி ஆகாது, டென்டும் காப்பாற்றாது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே நடை. பல மலைகளில் இடிமழை பிற்பகலில்தான் வரும் என்பதால் அதிகாலையில் கிளம்பும் குழு நல்ல குழு.

10. கடைசிப் பத்து நாள்

மருந்துகள் கடையில் வாங்கிய அட்டையிலேயே, மருத்துவர் சீட்டின் நகலோடு இருக்கட்டும். இன்ஹேலரும் ஒவ்வாமை ஊசியும் இரண்டிரண்டு: ஒன்று பிள்ளையிடம், ஒன்று தலைவரிடம். குளிரில் இன்ஹேலர் சரியாக வேலை செய்யாது, சட்டையின் உள்பையில் வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி போடும் பிள்ளைக்கு மாற்றுக் கண்ணாடி.

சாட்டிலைட் போன் கொடுத்துவிடலாமே என்று தோன்றினால், சில நாடுகளில் முன் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். தலைவரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். சாதா போன் கொண்டுபோனால் ஏரோபிளேன் மோடில் வைத்து, ராத்திரி உடம்போடு ஒட்டி வைத்தால் பேட்டரி தாங்கும். தினமும் பேச வேண்டும் என்று வாக்குறுதி வாங்காதீர்கள். சிக்னல் இல்லாத நாளில் நீங்களும் தவிப்பீர்கள், பிள்ளையும் தவிக்கும். தலைவரிடமிருந்து எந்தெந்த நாள் தகவல் வரும், வரவில்லை என்றால் எத்தனை மணி நேரம் கழித்து யாரைக் கூப்பிடுவது என்பதை மட்டும் எழுதி வாங்குங்கள்.

"பிடிக்கவில்லை என்றால் சொல், வந்து கூட்டிப் போகிறேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். மலைமேல் உங்களால் அதைச் செய்ய முடியாது. வீட்டு ஏக்கம் வரும், வந்தால் அணித் தலைவரிடம் சொல், வேலை ஏதாவது கேட்டு வாங்கிச் செய் என்று சொல்லி அனுப்பலாம்.

11. திரும்பி வந்த பிறகு

அன்றைக்கே வேலை இருக்கிறது. உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று கால்மடிப்பு, அக்குள், காதின் பின்புறம், தலைமுடி எல்லாம் பாருங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ தடிப்போ வந்தால் மலைக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். டென்டையும் ஸ்லீப்பிங் பேக்கையும் பையிலிருந்து எடுத்துக் காற்றில் உலர்த்த வேண்டும், ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். ஸ்லீப்பிங் பேக்கை இறுக்கிச் சுருட்டாமல் பெரிய துணிப்பையில் தளர்வாக வையுங்கள். ஷூவை வெயிலிலோ அடுப்பு ஓரத்திலோ காய வைக்காமல், உள்ளே காகிதத்தைத் திணித்து நிழலில் வைத்தால் பசை விடாது.

வழியில் மருத்துவச் செலவு ஏதாவது ஆகியிருந்தால் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கக் கெடு உண்டு, ரசீதுகளை அந்த வாரமே அனுப்புங்கள். எடை எழுதிய அந்தத் தாளை எடுத்து, எதை ஒரு தடவைகூடத் தொடவில்லை என்று பிள்ளையையே அடிக்கச் சொல்லுங்கள். இரவல் வாங்கியதைத் துவைத்து, காய வைத்து, சீக்கிரம் திருப்பிக் கொடுங்கள். அடுத்த குழு கிளம்பக் காத்திருக்கும்.